ஐந்தாவது பீக்கர்

மதியம் இரண்டு பத்து, ஆறு பீக்கர்கள், ஞானதிரவியம். பீக்கர்கள் ஜன்னலோர மேஜையில் வரிசையாக நின்றன. அவர் அவற்றின் முன்னால் குனிந்து நின்றார். முதுகுக்குப் பின்னால் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு இரைந்துகொண்டிருந்தது. முதல் பீக்கரில் ஒரு சிட்டிகை பர்மாங்கனேட் கரைத்தாயிற்று. அதிலிருந்து பத்து மில்லி எடுத்து இரண்டாவதில் விட்டு, தண்ணீர் சேர்த்து நூறாக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து பத்து எடுத்து மூன்றாவதில் விட வேண்டும். இப்படியே ஆறு வரை, ஒவ்வொன்றிலும் செறிவு முந்தியதில் பத்தில் ஒரு பங்கு. நிறம் எந்த பீக்கரோடு கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் சோதனை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்து காட்டுகிறார், விடை ஐந்து. ஐந்தாவதில் ரோஜாவின் நிழல் மாதிரி ஒன்று நிற்கும், ஆறாவது வெறும் தண்ணீர். சில வருஷம் மருந்து நயமாக இருந்தால் ஆறாவதிலும் தெரிகிறது என்று ஒரு பிள்ளை சாதிக்கும், இவர் சிரித்துக்கொள்வார். இன்றைக்கு மூன்றோடு நின்றுவிட்டது. முதலாவது கறுப்பு, சரி. இரண்டாவது நாவல்பழச் சாறு, சரி. மூன்றாவது ரோஜாவாக இருக்க வேண்டியது, துணிக்குச் சொட்டு நீலம் கலந்த வாளித் தண்ணீர் மாதிரி சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நான்காவது தண்ணீர். ஐந்து தண்ணீர், ஆறு தண்ணீர். மருந்து செத்துவிட்டது என்று அவர் நினைத்தார். பாட்டில் எப்போது வாங்கியது, மூன்று வருஷம் இருக்கும், மேல் தட்டில் வெயில் படுகிற இடத்தில் வைக்காதே என்று சொன்னால் யார் கேட்கிறார்கள், பர்மாங்கனேட் வெயிலில் சிதையும், அடியில் பழுப்பாகத் தங்கும். பழுப்பு தங்கியிருக்கிறதா என்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். தங்கியிருக்கவில்லை. அப்படியானால் தண்ணீர். இந்த ஊர் போர்த் தண்ணீரில் இரும்பு உண்டு, இரும்பு நிறத்தைத் தின்றுவிடும், ஒவ்வொரு பீக்கரிலும் தொண்ணூறு மில்லி போர்த் தண்ணீர் என்றால் நான்காவதில் தின்பதற்கு என்ன மிஞ்சும். பரவாயில்லை, காரணம் இருக்கிறது. காரணம் இருந்துவிட்டால் எதுவும் பரவாயில்லை.

அந்தப் பக்கத்து மேஜையில் உப்புக் கோஷ்டி. தெவிட்டிய கரைசல். நூறு மில்லி தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே போக வேண்டும், இனி கரையாது என்று அடியில் நிற்கிற வரை. உப்பு கொண்டுவரச் சொன்னது தப்பாகப் போயிற்று, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் உப்பு கேட்டால் ஆளுக்கு இரண்டு கிலோ கொண்டுவந்துவிட்டார்கள். பாதிப் பிள்ளைகளின் அப்பன் அம்மை அளத்தில் வேலை. தரையெல்லாம் நறநறவென்று மிதிபட்டது. “ஏலே சுடலைமணி, கரையுதா நிக்குதா?” என்று திரும்பாமலே கேட்டார். “நிக்கி சார். முப்பத்தாறு கிராமுக்கு மேல போக மாட்டேங்கு. எங்க அப்பன் கடன் மாதிரி அடியிலேயே கெடக்கு.” பிள்ளைகள் சிரித்தன. அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறிவிடுமோ என்று நெஞ்சு ஒரு நொடி காத்திருந்தது, மாறவில்லை. இப்போது இருமல் இல்லை. ஜூன் மாதமே நின்றுவிட்டது. ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே மாதம் முழுக்க விடுமுறையில் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. கோடையில் டைபாய்டு என்று சொல்லி வைத்திருந்தார். எட்டுக் கிலோ குறைந்ததற்கு டைபாய்டு போதுமான காரணம்தான், ஹெச்.எம். லீலாவதி மேடம்கூட “கஞ்சியா குடிங்க சார்” என்றார். சளியில் கிருமி போய்விட்டது என்று மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் மாதமே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் டிபி என்ற இரண்டு எழுத்து போதும், பெற்றவர்கள் வாசலில் நிற்பார்கள், சத்துணவுக் கூடத்தில் அவருடைய தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைப்பார்கள். அவரே வைத்திருக்கிறார். சின்ன வயதில், சித்தப்பாவின் தம்ளரை.

“சார், நோட்டு.” உலகேஸ்வரி நின்றாள். ஒல்லி, இரட்டைப் பின்னல், கையில் பர்மாங்கனேட் பட்ட பழுப்புக் கறை. பேசாத பிள்ளை. அம்மா அளத்தில் உப்பு வாருகிறாள், அப்பா இல்லை. ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். காண்பன என்ற தலைப்புக்குக் கீழே, ஐந்தாவது முகவை வரை இளஞ்சிவப்பு நிறம் காணப்படுகிறது, ஆறாவதில் காணப்படவில்லை. அவருக்குச் சுர்ரென்று ஏறியது. இதுதான். இதற்காகத்தான் இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறார். சோதனை நடக்கிறதற்கு முந்தின நாளே அக்கா நோட்டை வாங்கிக் காண்பன எழுதி, முடிவு எழுதி, படமும் போட்டு வைத்துவிடுவது. போன வருஷத்து அக்காவுக்கு ஐந்து, அதற்கு முந்தின அக்காவுக்கு ஐந்து, ஆகையால் இவளுக்கும் ஐந்து. மருந்து செத்துப்போன வருஷத்திலும் ஐந்து. “யார் நோட்டைப் பாத்து எழுதுன?” என்றார். “யார் நோட்டையும் பாக்கல சார்.” “அஞ்சாவதுல தெரியுதாக்கும்?” “தெரியுதுலா சார்.” சாதாரணமாகச் சொன்னாள். மழை பெய்கிறதா என்று கேட்டால் பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக் காண்பன மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார், “கண்ணால பாத்ததை மட்டும்தான் எழுதணும்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்” என்றார், கோடு போதுமான அளவு உறைக்கவில்லை என்று தோன்றி இன்னொன்றும் போட்டார். இந்தப் பேனாவும் சரியில்லை. ஜூலையிலிருந்து மூன்று பேனா மாற்றியாயிற்று, எல்லாம் பழைய ரத்தம் மாதிரி பழுப்பாக எழுதுகிறது, சிவப்பு என்று கேட்டு வாங்கினால் சிவப்பு இல்லை. கடைக்காரனிடம் போய்ச் சொன்னதற்கு அவன் தன் உள்ளங்கையில் கிறுக்கிக் காட்டி, “இதுக்கு மேல செகப்பு வேணும்னா விரலை அறுத்துக்கத்தான் வேணும் சார்” என்றான்.

உலகேஸ்வரி அழவில்லை. நோட்டைப் பார்த்தாள், பீக்கரைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள். அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “போர்த் தண்ணில இரும்பு இருக்கு, நிறத்தைத் தின்னுட்டு, புரியுதா? இந்த வருஷம் மூணுதான் வரும்” என்றார் குரலைத் தணித்து. “மூணு இல்ல சார்” என்று யாரோ சொன்னார்கள், வேறொரு குரல் “அஞ்சு வருது சார்” என்றது. அந்தப் பக்கம் மூன்றாவது கோஷ்டி, நான்காவது கோஷ்டி, எல்லோருக்கும் ஐந்து. முழு வகுப்புமே ஒரே அக்காவிடம் வாங்கியிருக்கிறது. கேன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், ஆசிரியர் அறையில் இருக்கிற குடிதண்ணீர்க் கேன். இரும்பு இல்லாத தண்ணீர். மெஷரிங் ஜாரைக் கழுவாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால் பழைய நிறம் தொற்றிக்கொண்டு வரும், அதனால்கூட அவர்களுக்குத் தெரியலாம். ஆமாம், அதுதான், ஜாரைக் கழுவவில்லை. அதை யோசிக்கும்போதே ஓர் இடத்தில் முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நினைப்பு இழுபட்டது. ஜார் கழுவாததால் நிறம் கூடியிருக்கிறது என்றால் அந்த நிறம் அங்கே இருக்கிறது என்று ஆகிறது. இருக்கிற நிறம் தனக்கும் தெரிய வேண்டும் அல்லவா. அந்த இடத்தை அவர் சுற்றிக்கொண்டு போனார். கேன் வந்தது. தானே ஜாரை மூன்று தடவை கழுவினார், தானே ஊற்றினார், பத்து, தொண்ணூறு, பத்து, தொண்ணூறு. கை பழக்கமானது, கண் பார்க்காவிட்டாலும் மட்டம் தெரியும் அந்தக் கைக்கு. ஆறு முடித்து, வெள்ளைத்தாள் விரித்து, மேலேயிருந்து பார்த்தார். மூன்று. மூன்றாவதுமே போன தடவையைவிட மங்கல் மாதிரி இருந்தது. வெளிச்சம் போய்விட்டதா என்று ஜன்னலைப் பார்த்தார். ஆகஸ்ட் மாத வெயில், அளத்து வெண்மை கண்ணைக் கூசியது, தூரத்தில் உப்புக் குவியல்கள், வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி ராணி தக்காளிப் பையைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னது ஏன் இப்போது வருகிறது. கோயில் முடிந்து திரும்பும்போது அவர்தான் பொறுக்கி வாங்கினார். “அத்தான், என்னத்தப் பாத்து வாங்குனிய? பழம் கேட்டா காயா அள்ளிட்டு வந்திருக்கிய.” பழம்தானே என்றார். “எது பழம்? இதா? இதை வச்சுக் குழம்பு கொதிக்கதுக்குள்ள அடுத்த ஞாயிறு வந்துரும்.” ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பார்த்தார். தக்காளி. பழமா காயா என்று அழுத்திப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது. அழுத்தித்தான் தெரிந்தது. கடைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லிச் சமாளித்தார், ராணி கேலியாகச் சிரித்துவிட்டுப் புளியை ஊறப் போட்டாள், அன்றைக்குப் புளிக்குழம்பு. நாற்பத்தொன்பது வயதுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியதுதான், சர்க்கரையும் இருக்கிறது, சர்க்கரைக்காரனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கண்ணாடி மாறும் என்று சொல்வார்கள். ஆனால் எழுத்து தெரிகிறதே. செய்தித்தாள் கொஞ்சம் நடுவில் தேய்ந்த மாதிரி இருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறதே. உலகேஸ்வரியின் கையெழுத்து மணி மணியாகத் தெரிகிறது. அதன் மேல் தான் போட்ட இரண்டு கோடுகளும் தெரிகின்றன, பழுப்பாக. பையன்கள் பின்னால் “திரவம் சார் உறைஞ்சுட்டாரு” என்று கிசுகிசுத்தார்கள். ஞானதிரவியம் என்ற பெயரைத் திரவம் என்று சுருக்கியது அவர்களுக்கு முந்தின எத்தனையோ செட் பிள்ளைகள், அதுவும் அக்கா நோட்டு மாதிரி வழிவழியாக வருகிறது. அவர் திரும்பினார். இதை இப்போதே முடித்துவிட வேண்டும். பொய்யை வெளியே கொண்டுவர ஒரே வழி, விடை தெரியாத இடத்தில் பிள்ளையை நிறுத்துவது.

ஆறு டெஸ்ட் டியூப் எடுத்தார். எல்லோரையும் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு மூன்றில் கேன் தண்ணீரும் மூன்றில் ஐந்தாவது பீக்கரிலிருந்தும் ஊற்றினார். ஸ்டாண்டில் மாற்றி மாற்றிச் செருகி, பீக்கர் தண்ணீர் இருக்கிற குழிகளுக்கு நேரே ஸ்டாண்டின் பின்பக்கத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். முதல், மூன்று, நான்கு. “உலகேஸ்வரி, வா. இதுல எதுல எல்லாம் நிறம் இருக்கோ தொட்டுக் காமி.” வகுப்பு முழுக்கத் திரும்பி நெருங்கி வந்தது. பிள்ளை இவரைப் பார்த்தாள், இதில் என்ன தந்திரம் என்று தேடுகிற பார்வை. பிறகு அடியில் வெள்ளைத்தாளை வைத்து, ஒவ்வொரு டியூபாக உருவி, மேலேயிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள், அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே. அவருக்கு ஒரு பக்கம் அவள் தப்பாகத் தொட வேண்டும் என்று இருந்தது. தொட்டுவிட்டால் போதும், எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும், மருந்து செத்தது, தண்ணீரில் இரும்பு, பேனா போலி, தக்காளிக்காரி திருடி, பிள்ளைகள் அக்கா நோட்டு. உலகம் முழுக்கத் தப்பாக இருந்து தான் ஒருவன் சரியாக இருப்பது எவ்வளவு நிம்மதி. அவள் முதலாவதைத் தொட்டாள். மூன்றாவதைத் தொட்டாள். நான்காவதைத் தொட்டாள். மற்ற மூன்றையும் மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். “இது தண்ணி சார்.” “ஏட்டி, சரியா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். “சார்கிட்ட கேளு” என்றாள் உலகேஸ்வரி. அவர் குருட்டாம்போக்கில் பட்டிருக்கும் என்று நினைத்தார், ஆறில் மூன்றைக் குருட்டாம்போக்கில் சரியாகத் தொட இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு, கணக்கு வாத்தியார் இருந்தால் சொல்வார். இன்னொரு தடவை மாற்றி வைப்போம் என்று முதலாவதை ஒரு கையிலும் இரண்டாவதை ஒரு கையிலும் உருவி எடுத்தார். எடுத்துத் தானும் ஒரு தரம் பார்ப்போம் என்று ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினார். இரண்டையும் பார்த்தார். கையை மாற்றிப் பார்த்தார். மேலேயிருந்து பார்த்தார். யாரோ கதவைத் திறந்து ஹெச்.எம். சுற்றறிக்கை என்று சொல்ல, ஜன்னலோரம் சாய்ந்து ஒரு கையால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார், இரண்டு டியூபும் இப்போது இடது கையில் இருந்தன. எது முதலாவது. எது இரண்டாவது. புள்ளி ஸ்டாண்டில் இருக்கிறது, டியூபில் இல்லை. ஒன்றைக் குழிக்கு நேரே கொண்டுபோனார், நிறுத்தினார். அடுத்ததைக் கொண்டுபோனார். முப்பது சொச்சம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு நறநறப்பதுகூட நின்றுவிட்டது. “சார்” என்றாள் உலகேஸ்வரி மெதுவாக, “பெருவிரல் பக்கம் இருக்கது தண்ணி.”

ஆரஞ்சு. அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆரஞ்சுதான். டிபி மாத்திரை ஆரம்பித்த மறுநாள் காலை சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று, செந்தூரத்தைக் கரைத்த மாதிரி, பயந்துவிட்டார், மருந்து கொடுக்கிற பாக்கியநாதன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், “அது மாத்திரை சாயம் சார், பயப்படாதிய, சாயம் போனாத்தான் நீங்க ஒழுங்கா சாப்பிடுதியன்னு எங்களுக்குத் தெரியும்.” அதிலிருந்து தினமும் பார்ப்பார், வேதியியல்காரன் புத்தி, தண்ணீர் அதிகம் குடித்த நாள் வெளிறியும் குறைவாகக் குடித்த நாள் கெட்டியாகவும் இருக்கும், நீர்த்த கரைசல், செறிந்த கரைசல், கழிப்பறையிலேயே பாடம். இரண்டு மூன்று வாரமாக வெளிறிக்கொண்டே வந்தது. உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தார். ராணியிடமே சொன்னார், சாயம் குறைஞ்சுட்டு, நோய் விட்டுட்டுன்னு அர்த்தம். ராணி அன்றைக்கு வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். சாயம் குறையவில்லை. தினமும் அதே ஆரஞ்சுதான் போயிருக்கும், அவர்தான் ஐந்தாவது பீக்கரைப் பார்த்த மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்புறம் பாக்கியநாதன் இன்னொன்றும் சொன்னாரே. முதல் நாள், மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, விரல் விட்டுச் சொன்னார். வாந்தி வந்தா சொல்லணும், கண்ணு மஞ்சளானா சொல்லணும், கை கால் மரத்தா சொல்லணும். கடைசி விரலை மடக்கும்போது அவர் அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த மில்லிகிராம்களைப் படித்துக்கொண்டிருந்தார், எந்த மருந்து எவ்வளவு, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்கு. அந்தக் கடைசி விரல். “சிவப்பு பச்சை மாறித் தெரிஞ்சாலோ, கண்ணு மங்குனாலோ அன்னைக்கே வரணும் சார். மறுநாள்னு வச்சுக்கிடக் கூடாது.” காதில் விழுந்திருக்கிறது. விழுந்து எங்கேயோ அடியில் கரையாமல் கிடந்திருக்கிறது. எத்தம்பூட்டால். அந்த மாத்திரையின் பெயர்கூடத் தெரியும். கண் நரம்பைத் தொடும் என்றும் எங்கேயோ படித்திருக்கிறார். சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்றும். சர்க்கரைக்காரனுக்குச் சிறுநீரகம் முதலில் பழுதாகும் என்று யாருக்குத் தெரியாது. ஊற்றுவது தினமும் அதே அளவு, வெளியே போகிற வழி அடைத்துக்கொண்டு வந்தால் உள்ளே என்ன ஆகும், ஏலே பத்தாம் வகுப்பு, சொல்லுங்கலே, உள்ளே என்ன ஆகும்? செறிவு ஏறும் சார். இதோ ஜன்னலுக்கு வெளியே பாத்தி பாத்தியாக அதுதான் நடக்கிறது, கடல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, தண்ணீர் மட்டும் போகிறது, உப்பு ஏறுகிறது. இன்று காலையும் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். நாளைக் காலைக்கு அட்டையில் அடுத்த வரிசை காத்திருக்கிறது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்பார்கள். தக்காளியிலிருந்து கணக்கா, பேனாவிலிருந்து கணக்கா, பேனா என்றால் ஜூலை. சிவப்பு போய்விட்டது, அடுத்து எது போகும், எழுத்து போகும், உலகேஸ்வரியின் மணியான கையெழுத்து போகும், ராணியின் முகம் நடுவிலிருந்து தேய்ந்துகொண்டு வரும். நிறுத்தினால் திரும்பும் என்பார்கள். திரும்பாமலும் போகும் என்பார்கள். தூத்துக்குடிக்குப் பஸ் மூன்று ஐந்துக்கு ஒன்று, அதை விட்டால் நான்கரைக்கு. கண் டாக்டர் மதியத்துக்கு மேல் இருப்பாரோ என்னவோ. அதற்கு ஹெச்.எம்.மிடம் அரை நாள் விடுப்பு கேட்க வேண்டும். எதற்கு சார் என்பார். கண்ணாடி மாற்ற என்று சொல்லலாம். கண்ணாடி மாற்ற நாளைக்குப் போங்களேன் சார், இன்ஸ்பெக்‌ஷன் வருது என்பார். அப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். டைபாய்டு இல்லை மேடம். நாளைக்கே போகலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும், நாளைக்கு ஒரு நாள் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டுப் பார்க்கலாம், யாருக்கும் தெரியாமல், சனிக்கிழமை போகலாம். மறுநாள்னு வச்சுக்கிடக் கூடாது. அந்த விரல் மடங்கிக்கொண்டே இருந்தது.

“சார்” என்றான் சுடலைமணி. உப்பு ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றிருந்தான். “சார், உங்களுக்குத் தெரியலையா?” கேலி இல்லை. கேலி செய்யவே பிறந்தவன், அவன் குரலில் கேலி இல்லாதது அவரை என்னவோ செய்தது. பதில் சொல்ல எத்தனையோ இருந்தன. கண்ணாடி வீட்டில் இருக்கிறது எனலாம், மூக்கின் மேல் இருந்தது. உங்களைச் சோதிக்கிறேன் எனலாம். வாத்தியாராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு இதைச் சமாளிக்கத் தெரியாதா, டியூபைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு மணி அடிக்கப் போகுது, எல்லாரும் முடிவு எழுதுங்க என்றால் எழுதுவார்கள். முடிவு என்ன என்று கேட்பார்கள். மூணு என்று சொன்னால் மூணு என்று எழுதுவார்கள், ஐந்தைக் கண்ணால் பார்த்த அத்தனை பேரும், சார் சொன்னார் என்று. உலகேஸ்வரிகூட எழுதுவாள். அதை நினைத்தபோதுதான் முதல் முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் டியூப் இரண்டையும் அவளிடம் நீட்டினார், “எந்தக் குழியோ அதுல வை” என்றார். வைத்தாள். புள்ளிக்கு நேரே ஒன்று, புள்ளி இல்லாத இடத்தில் ஒன்று. ஸ்டாண்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். “அவ சொன்னது சரி. அஞ்சுதான். எனக்குத் தெரியல” என்றார். “எதுல இருந்து சார் தெரியல?” என்று உலகேஸ்வரி கேட்டாள். அவர் பீக்கர் வரிசையைப் பார்த்தார். “மூணுல இருந்து. மூணும் சரியாத் தெரியல.” “இது?” என்று அவள் சடையில் கட்டியிருந்த ரிப்பனைத் தூக்கிக் காட்டினாள். பள்ளிக்கூட ரிப்பன், சிவப்பு என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது வேறு. “காக்கி மாதிரி இருக்கும்மா” என்றார். ஒரு பையன் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டான். “ஏலே, சிரிச்சன்னா பல்லைப் பேத்துருவேன்” என்றான் சுடலைமணி. அப்புறம் இவர் பக்கம் திரும்பி, “எங்க ஆச்சிக்குக் கண்ணுல புரை எடுத்தாவ சார், மறுநாளே எங்க அம்மையப் பாத்து இவ்வளவு கறுப்பாடி நீன்னு கேட்டுட்டு. உங்களுக்கும் சரியாயிரும்” என்றான். இந்தத் தடவை வகுப்பு முழுக்கச் சிரித்தது, அவரும். இது புரை இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். இது என்ன என்று சொல்ல வேண்டிய இடம் வேறே, இருபதடி நடந்தால் வருகிற ஹெச்.எம். அறை.

நோட்டை வாங்கினார். காண்பன மேல் கிடந்த இரண்டு கோடுகளையும் என்ன செய்வது என்று பார்த்தார், அடித்ததை அழிக்க முடியாது. பக்கத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தப் பேனாவால் போடுகிறோம் என்று பார்க்கவில்லை. “சார், நீலத்துல போட்டுட்டிய” என்றாள் உலகேஸ்வரி. “இருக்கட்டும்” என்றார். “பீக்கரை எல்லாம் கழுவிக் கவுத்துங்க. பர்மாங்கனேட் பாட்டிலைக் கீழ்த் தட்டுல, வெயில் படாம வைங்க. தரையில உப்பைக் கூட்டுங்க, உப்புக்கு எறும்பு வராது, ஆனா நான் வழுக்கி விழுவேன்.” வராந்தாவில் இறங்கினார். வெளிச்சம் முகத்தில் அறைந்தது. தோட்டத்தில் செம்பருத்தி பூத்திருக்க வேண்டும், இந்த மாதம் பூக்கும், இலையோடு இலையாக ஒன்றும் பிரிந்து தெரியவில்லை, பூக்காமலும் இருக்கலாம், கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தால் தெரியும், போகவில்லை. சித்தப்பாவின் தம்ளர் ஞாபகம் வந்தது, ராணி ஞாபகம் வந்தது, அவளுக்குப் போனில் சொல்வதா நேரில் சொல்வதா என்று வந்தது, மூன்று ஐந்து பஸ் வந்தது. ஹெச்.எம். அறை வாசலில் செருப்பைக் கழற்றினார், அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை என்பது கழற்றிய பிறகு உறைத்தது, மறுபடி மாட்டிக்கொண்டார். லீலாவதி மேடம் சுற்றறிக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “என்ன சார், லேப் பீரியட் இல்லையா உங்களுக்கு?” “இருக்கு மேடம்” என்றார் ஞானதிரவியம். “எனக்கு அரை நாள் லீவு வேணும். ஏப்ரல் மாசம் எனக்கு வந்தது டைபாய்டு இல்ல.” மேடம் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார்.

எத்தம்பூட்டாலை நிறுத்தி நான்கு மாதம் கழித்து, 2019 டிசம்பர் 12, வியாழக்கிழமை, தூத்துக்குடியில் கண் பரிசோதனையின்போது நிறப் பார்வைக்கான பதினேழு அட்டைகளை ஞானதிரவியத்திடம் காட்டினார்கள். பதினொன்றை அவர் சரியாகப் படித்தார், ஆகஸ்டில் படித்தது ஒன்று.